பாறைமேல் வைத்த பூ

தேவிப்ரியாவுக்கு அக்கா மணிமொழி என்றால் உயிர். பின்னே இருக்காதா? இவளைக் கல்லூரியில் சேர்க்க மாட்டேன் என்று வீடே முறுக்கிக்கொண்டு நின்றபோது, புகுந்த வீட்டிலிருந்து ஓடிவந்து சண்டை போட்டவள் அவள்தான். "படிப்பு முடியற வரைக்கும் ஒருத்தரும் உன்னப் பொண்ணு பாக்க வர மாட்டாங்க. நான் பொறுப்பு" என்று தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தாள்.

இப்போது கடைசி வருடம். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஸ்கூட்டியோடு ரிஷிவந்தியம் வந்து, "கல்வராயன்மலைக்குப் போயிட்டு வரலாம் வாடி. ரெட்டைப் பாறையில போட்டோ எடுக்கலாம். அந்த மாம்பழக் கலர் புடவையக் கட்டிக்கோ, எடுப்பா இருக்கும்" என்றாள். கட்டிக்கொண்டாள், பைத்தியக்காரி! மலைப்பாதை வளைவுகளில் அக்காவின் இடுப்பை இறுக்கிக்கொண்டு கூச்சல் போட்டுக்கொண்டே போனாள்.

ஒன்றின்மேல் ஒன்று குந்தியிருக்கும் இரண்டு பெரிய பாறைகள். அடிப்பாறையில் ஏறி நின்றால் கீழே கோமுகி அணை மொத்தமும் தெரியும். ஓர் அம்மாள் தன் மகனோடு ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தேவிப்ரியா ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"இன்னா படிக்கிறம்மா?"

"பிஎஸ்சிங்க. அடுத்து பிஎட்."

"சமைப்பியா?"

"சாம்பார் வைப்பேங்க. ரசம்தான் கால வாரிடும்."

அம்மாள் சிரித்தார். "அந்த ஓரம் வரைக்கும் நடந்து போய் நில்லும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நடந்தாள். மகன்காரன் அணையைப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மலைக்கு வந்தவன் மலையைப் பார்க்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும், அம்மாள் பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து இவள் தலையில் வைத்தார். "எங்களுக்குப் புடிச்சிருக்கு. படிச்சது போதும், தையிலயே வச்சிடலாம்" என்றார். இவளிடம் இல்லை, அக்காவிடம்.

இவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா இது? சத்தியம் பண்ணியே!"

"வூட்டுக்கு ஒருத்தரையும் வர விடலயேடி" என்றாள் மணிமொழி, அணையைப் பார்த்துக்கொண்டு. "நல்ல எடம். உன் நல்லதுக்குத்தான்."

அடிப்பாவி! அப்பா ஏமாற்றியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அக்காவா? அழுகைகூட வரவில்லை, உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூவைக் கழற்றி அம்மாளின் கையிலேயே வைத்தாள். "உங்க மேல கோவம் இல்லீங்க. நான் படிக்கணும். என்ன யாரும் கேக்கல."

இறங்கும்போது முதல் வளைவிலேயே வண்டி சாய்ந்தது. "என்னப் புடிச்சிக்கடி, வுழுந்துடுவ!" என்று கத்தினாள் அக்கா.

தேவிப்ரியா சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.