மாணிக்கத்தொண்டை வந்த நாள்

பல் துலக்கிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பின்முற்றத்தைப் பார்த்த கணவன் அப்படியே நின்றுவிட்டான். பிரஷ் வாயில் இருந்தது. நுரை முகவாயில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. அவள் இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. போன வருஷம் மாமனாரும் இப்படித்தான் கோப்பையைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்று, பிறகு சரிந்தார்.

"என்னங்க, வலது கையத் தூக்குங்க பாப்போம்."

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள் அவள். பக்கவாதத்துக்கு முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியும். அவன் கையைத் தூக்கினான். தூக்கி, ஜன்னலைக் காட்டினான்.

வேலியோரப் புதருக்கு அடியில், ராத்திரி மழையில் ஊறிக் கிடந்த சருகுகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பறவை தத்திக்கொண்டிருந்தது. மண் நிறம். சிட்டுக்குருவியைவிட ஒரு சுற்றுப் பெரிசு. இதற்கா இந்தக் கூத்து என்று அவள் வாயெடுத்தபோது அது தலையை நிமிர்த்தியது. தொண்டையில் ஒரு சிவப்பு. அவள் தினமும் குழாய் குழாயாகப் பார்க்கிற சிவப்பு இல்லை. உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி ஒரு சிவப்பு.

"மாணிக்கத்தொண்டை" என்றான் அவன், நுரையைத் துப்பக்கூடத் தோன்றாமல். "இது இங்க வரவே வராது. காத்து தள்ளிட்டு வந்திருக்கு. வழி தப்பி வந்திருக்கு, பாவம்."

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிறவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பறவைப் பைத்தியம். வசந்தம் வந்துவிட்டால், வலசை போகும் பறவைகளில் எது எங்கே இறங்கியது என்று அந்தப் பகுதிக்காரர்கள் அன்றன்றைக்குப் போனில் பகிர்ந்துகொள்வதற்கு ஒரு குழு உண்டு. அதில் மற்றவர்களுக்கு எதெதுவோ கிடைக்கும். இவனுக்குக் கிடைப்பது காக்காயும் மைனாவும்தான். எப்போதாவது புதிதாக ஒன்றைச் சொன்னாலும், குழுவின் தலைவர் உடனே "படம் இருக்கா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவனின் கண்ணை அந்தக் குழுவில் ஒருவரும் நம்பவில்லை.

இந்த முறை படம் இருந்தது. அவசர அவசரமாக எடுத்ததில் நாலைந்து தெளிவாகவே விழுந்திருந்தன. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தலைவரே கூப்பிட்டார். "நகர விடாத. நான் கிளம்பிட்டேன்" என்றார், பறவை என்னவோ இவன் சொன்னால் கேட்கும் என்பதுபோல.

அப்போதுதான் அவனுக்குப் பூனை ஞாபகம் வந்தது.

பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மாதத்தில் யாரும் அழைக்காமல் வந்து, எல்லா அறையையும் ஒரு சுற்றுப் பார்வையிட்டு, கடைசியில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது. அன்று முதல் அது அவருடைய பூனை. மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு சக்கர நாற்காலிதான். பேச்சு நிதானமாக இருந்தால் சரியாக வரும். அவசரம் வந்தால் போச்சு. தண்ணீர் என்று வாயெடுப்பார், செருப்பு என்று வரும். "பத்தாவது மாடிக்குப் பட்டன அமுக்கினா, கதவு அஞ்சாவது மாடில திறக்குதும்மா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் இவன் வெளிய வரக் கூடாது. உங்க பொறுப்பு" என்றான் மகன்.

"சஸ்பெண்ட் பண்ணியாச்சுன்னு சொல்லு" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டரைத் துணி துவைக்கும் அறையில் விட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கதவை இழுத்துச் சாத்தினார்கள். அந்தக் கதவு லேசில் பிடிக்காது. இழுத்து ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். மாமனாரின் நாற்காலியைக் கூடத்தின் கோடியில், அந்தக் கதவுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினான் மகன்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்தன. பீரங்கி மாதிரி லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் அவள் சமையலறைக்குள் நடந்தார்கள். பின்படியில் ஒரு வரிசை, ஜன்னலில் ஒரு வரிசை. ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டார்களே தவிர, சத்தமில்லை. பறவை புதரடியிலேயே இரை பொறுக்கிக்கொண்டிருந்தது. பறந்து வந்த களைப்பில் அதற்கு ஆள் பயம்கூட விட்டுப்போயிருந்தது.

"இவன் கல்யாணத்துக்கே இவ்வளவு கூட்டம் இல்ல" என்றார் மாமனார், அவள் டீ கொண்டுபோனபோது. "வந்தவங்களும் இப்படி வாய மூடிட்டு நிக்கல."

தலைவர் வந்து சேர்ந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் மடங்காதவர். ஜன்னலோரம் வழிவிட்டார்கள். பைனாகுலரை வைத்துப் பார்த்தார், இறக்கினார், மறுபடி பார்த்தார். பிறகு அவள் கணவனின் தோளில் கை வைத்து, "உன் கண்ணு கண்ணுதாம்பா" என்றார்.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். தாலி கட்டிய அன்றுகூட அவன் அப்படி மலர்ந்ததில்லை.

"சார், நின்னுட்டே இருக்கீங்களே" என்று பதறி உள்ளே ஓடினான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக அவளைக் கடந்து போனான்.

"சோப்பு" என்றார் மாமனார் கூடத்திலிருந்து.

"இருங்க மாமா, தர்றேன்" என்றாள் அவள். கையில் கொதிக்கிற கெட்டில். இன்னும் பத்துப் பேருக்கு ஊற்ற வேண்டும்.

"சோப்பு. சோப்பு." குரல் ஏறியது. நல்ல கையால் நாற்காலியின் பிடியைத் தட்டினார். வாஷ்பேசின் பக்கம் நின்ற ஒரு அம்மாள், நல்ல மனசுக்காரி, சோப்பை எடுத்துப் போய் அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டார். அது தரையில் சறுக்கிக்கொண்டு போயிற்று. அந்த அம்மாள் சங்கடமாகச் சிரித்தாள்.

பின்முற்றத்தில் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

அவள் ஜன்னலுக்குப் போனபோது முடிந்துவிட்டிருந்தது. புதரடியில் இன்ஸ்பெக்டர் மட்டும் நின்றுகொண்டிருந்தது, வாயில் பறவையோடு. யாரும் அசையவில்லை. காமிராக்கள் மட்டும் சடசடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. அமுக்கிய விரலை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் வாலை உயர்த்தி நடந்து வந்தது. படியில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மாமனாரின் காலடியில் பறவையை வைத்துவிட்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

கணவன் பின்னாலேயே வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"ஒரே ஒரு வேலை சொன்னேன்ப்பா" என்றான். சத்தமாகக்கூட இல்லை. "உக்காந்த இடத்துல ஒரே ஒரு வேலை. அதுவும் முடியலையா உங்களுக்கு?"

கூடம் நிறைய ஆட்கள். மாமனார் வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டது. மூடிக்கொண்டார்.

அவள்தான் குனிந்து பறவையை எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. ரத்தம் நிரப்பிய சின்னக் குழாய்கள் இரண்டின் கனம்தான். கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. தொண்டைச் சிவப்பு மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. அதுதான் அவளைப் போட்டு உலுக்கியது. நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவள், விரலில் ஒட்டிய ஒரே ஒரு சொட்டைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேஜைமேல் கணவனின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள்.

"சார், நம்ம குழுவுல இருக்கிற பஸ் டிரைவர் பேசறேன். லீவு போட்டுட்டு வந்துட்டிருக்கேன், பாதி வழி தாண்டிட்டேன். இன்னும் இருக்கா?"

"இல்லைங்க" என்றாள்.

"பறந்துடுச்சா?"

"இல்லைங்க. பூனை."

அந்தப் பக்கத்தில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. பிறகு "சரிங்க" என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டார்.

சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி, சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராகப் போனார்கள். தலைவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பறவையைக் காகிதத்தில் சுற்றிக் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கும்படியும், அருங்காட்சியகத்தில் சொல்லி ஆளனுப்புவதாகவும் சொன்னார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, "பூனை இருக்கிற வீடுன்னு முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். கணவன் தலை குனிந்தான்.

மத்தியானம் அவள் எச்சில் கோப்பைகளைப் பொறுக்கிக் கழுவினாள். ஸ்டூல்களை உள்ளே வைக்கத் தூக்கிக்கொண்டு போனாள். துணி துவைக்கும் அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே சோப்புத் தூள் டப்பா, பூனையின் தண்ணீர்க் கிண்ணம், சுவரோரம் ஸ்டூல்கள் எப்போதும் நிற்கிற காலி இடம். ஸ்டூல்கள் கையில் இருக்க, அப்படியே நின்றாள்.

சோப்பு.

அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அவள் 'இருங்க மாமா' என்று சொல்லிவிட்டு டீ ஊற்றியிருக்கிறாள்.

மாமனார் சமையலறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அவரு ஸ்டூல் எடுத்தப்ப நீங்க பாத்தீங்கல்ல?"

அவர் வார்த்தை வார்த்தையாக எடுத்து வைத்தார். "பாத்தேன். கதவுன்னு சொல்ல வந்தேன். வேற மாடில திறந்துடுச்சு."

"அவரு அப்படிக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அத்தன பேர் முன்னாடியா? விடும்மா. என்னைத் திட்டினா நாளைக்கு மறந்துடுவான். நீ எதுவும் சொல்லாத."

சொல்லக் கூடாது என்றுதான் அவளும் இருந்தாள். ஆனால் சாயங்காலம் கணவன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் பக்கவாட்டில் ஓட்டை போட ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"தெரிஞ்ச ஒருத்தர் கோழிப்பண்ணை வெச்சிருக்கார். எலிக்குப் பூனை வேணும்னார். கொண்டு விட்டுட்டு வந்துடறேன்."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? அவருதான விட்டாரு."

கூடத்துக் கதவு திறந்துதான் இருந்தது. இதெல்லாம் மாமனாருக்குக் கேட்கும். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலைல தலைவருக்கு ஸ்டூல் போட்டீங்களே, எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"வேற எங்கேர்ந்து? துணி துவைக்கிற ரூ..."

கத்தரிக்கோல் அட்டைக்குள் குத்தியபடி நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் ஒவ்வொரு பக்கமாக இடிந்து விழுந்தது.

"நான் சாத்தினேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "கையில ரெண்டு ஸ்டூல். காலால தள்ளினேன்" என்றான். அதற்கும் கொஞ்சம் கழித்து, "அப்பா சோப்பு சோப்புன்னு..." என்று தொடங்கி நிறுத்தினான்.

தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து, ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். மாணிக்கத்தொண்டை, ஒன்று, ஆண். காலையில் வந்தது. பூனை அடித்து இறந்தது. பூனை இருந்த அறையின் கதவைத் திறந்து போட்டவன் நான். என் அப்பா அல்ல. அவ்வளவுதான். குழுவுக்கு அனுப்பினான். முகம் தெரியாத முந்நூறு பேரிடம் சொல்வது, அடுத்த அறையில் இருக்கும் ஒருவரிடம் சொல்வதைவிடச் சுலபம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் தலைவரிடமிருந்து பதில் வந்தது: "பதிவில் சேர்த்துக்கொண்டோம். ஸ்டூல் எனக்காக எடுத்ததுதானே. நானும் தூங்கப் போவதில்லை."

பிறகுதான் அவன் எழுந்து கூடத்துக்குப் போனான். அவள் கதவோரம் நின்றாள். இன்ஸ்பெக்டர் அவர் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா. நான்தாம்ப்பா."

"தெரியும்."

"நான் அப்படிக் கேட்டதுக்கு நீங்க ஒரு வார்த்தை..."

மாமனார் நல்ல கையால் பூனையின் முதுகைத் தடவினார். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார், மத்தியானம் அவளிடம் சொன்ன மாதிரி, என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"வலிச்சுதுடா" என்றார். "ரொம்ப வலிச்சுது. வாய் ஒழுங்கா வந்திருந்தா, அங்கயே திருப்பித் திட்டியிருப்பேன்."

மகன் அடி வாங்கியவன்போல நின்றான்.

"ஆமா, அது எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார் அவர். "உயிரோட. செத்துக் கீழ கெடந்தப்பதான நான் பாத்தேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பத்து எட்டு வைத்தால் சமையலறை ஜன்னல். அந்த நாற்காலியை ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் தள்ள அவளுக்கும் தோன்றவில்லை, பெற்ற பிள்ளைக்கும் தோன்றவில்லை. கதவுக்குக் காவல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அது அப்போதுதான் உறைத்திருந்தது. போனைத் திறந்து, காலையில் முதலில் எடுத்த படத்தைத் தேடி, விரல்களால் பெரிதாக்கி, அப்பாவின் நல்ல கையில் வைத்தான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். எந்த வார்த்தை வருமோ என்று இரண்டு பேரும் காத்து நின்றார்கள்.