டி பட்டனுக்கு ரெண்டு விசில்

கைபேசி வராத காலம். அந்தக் குடியிருப்பின் பெரிய கேட்டுக்கு மோட்டார் பூட்டி, டெலிபோன் மூலமே திறக்கும்படி செய்தவர் மாடியில் குடியிருந்த டெலிபோன் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'டயல்டோன்' என்று பெயர். ரிசீவரை எடுத்த நொடியில் ஆரம்பிக்கும் அந்த ஒலி மாதிரி, அவர் பேச்சும் ஆரம்பித்தால் நிற்காது.

"நம்ம போன்ல பன்னெண்டு பட்டன்தானேன்னு நினைக்கிறீங்க. முழுக் கணக்கு பதினாறு!" என்று படிக்கட்டில் மறித்து அவர் விளக்காத ஆள் கிடையாது. ஒவ்வொரு பட்டனும் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் பாடும். குறுக்கு வரிசைக்கு ஒன்று, நெடுக்கு வரிசைக்கு ஒன்று. அந்தக் கலவையைக் கேட்டுத்தான் எதிர்முனை இது ஐந்து, இது எட்டு என்று கண்டுகொள்கிறது. வலது ஓரத்தில் நான்காவது நெடுக்கு வரிசையும் உண்டு: ஏ, பி, சி, டி. வீட்டுக்கு அது தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள். எந்தத் திருடன் எந்த வீட்டுப் போனில் தட்டினாலும் டி வராது அல்லவா? ஆகவே கேட் மோட்டாரை இயக்கும் பெட்டியை டி ஒலிக்கு மட்டும் காது கொடுக்கப் பழக்கியிருந்தார். பதினாறு பட்டன் போன் ஒன்றே ஒன்று, வாட்ச்மேன் அறையில்.

அன்று காலை அந்தப் போன் டீ குடித்துவிட்டது. வாட்ச்மேன் கைதவறி ஒரு டம்ளரை முழுசாக ஊட்டியிருந்தார்.

மெக்கானிக்கின் மனைவிக்கு அன்றுதான் முதல் பெரிய ஆர்டர். பதினோரு மணிக்குத் திறப்புவிழா காணும் ஹோட்டலுக்கு ஐந்தடுக்குக் கேக். சரியாக அமைந்தால் அந்த ஹோட்டலின் கேக் எல்லாம் இனி அவள் அடுப்பில்தான். கேக் வேனில் ஏறிவிட்டது. மணி பத்தேகால். கேட் அசையவில்லை. கையால் திறக்கும் சாவி சங்கச் செயலாளரிடம், செயலாளர் வெளியூரில். ஆள் நுழையும் சின்னக் கதவு வழியே தூக்கிப் போகலாமென்றால் கேக்கைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் அது கேக் இல்லை, கூழ்.

"திருடன் உள்ள வர முடியாதுன்னீங்க," என்றாள் அவள், ஸ்டீயரிங்கை விடாமல். "நான் வெளிய போக முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

வேனில் கேக்கைப் பிடித்துக்கொள்ள வந்திருந்த அவளுடைய அண்ணன், பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், சட்டைக் கையை மடித்தார். "கேட்டைப் பேத்துடவா மாப்ளே?"

மெக்கானிக் அவரையே பார்த்தார். "மச்சான், உங்களுக்கு விசில் வருமா? வாயால?"

"ரெஃபரிகிட்ட கேக்கிற கேள்வியா இது?"

"டிங்கிறது ரெண்டு ஸ்வரம்தானே. ஆளுக்கு ஒண்ணு ஊதுவோம்."

சாதாரண போன் ஒன்றை லைனில் மாட்டினார்கள். அந்தப் பழைய போனில், டி இருக்க வேண்டிய அதே குறுக்கு வரிசையில் உள்ள ஸ்டாரையும் சைபரையும் சேர்த்து அமுக்கினால் நெடுக்கு ஸ்வரங்கள் அடங்கி, குறுக்கு ஸ்வரம் மட்டும் தனியாகக் கேட்கும். அந்தக் கீழ் ஸ்வரம் மச்சானுக்கு. டி-யின் நெடுக்கு ஸ்வரமான மேல் ஸ்வரம் அந்தப் போனிலேயே இல்லை. பதினெட்டு வருஷ வேலையில் மெக்கானிக்கின் காதில் மட்டும் இருந்தது.

"எனக்கு ஏன் கீழ் ஸ்வரம்? பொண்ணு கொடுத்தவன்னா கீழதானா?"

"இது சம்பந்தம் பேசுற இடமில்ல மச்சான். ஊதுங்க!"

வாட்ச்மேன், கேட்டுப் பெட்டியின் எண்ணை அமுக்கி ரிசீவரை நீட்டினார். இருவரும் ஊதினார்கள். கேட் சும்மா நின்றது. மச்சானின் விசில் மைதானம் தாண்டும் விசில். ஒரு ஸ்வரம் மற்றதை அமுக்கினால் பெட்டி ஏற்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வர வேண்டும்.

"ஓரடி பின்னால போங்க மச்சான்."

போனார். சரிவரவில்லை. வாசற்படி வரை போனார். அதுவும் சரிவரவில்லை. ஐந்தாவது தடவை, அறைக்கு வெளியே குழாயடியில், வெயிலில் நின்றார்.

"இன்னும் தள்ளிப் போகணும்னா பஸ் ஏறணும் மாப்ளே!"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற உதட்டில் விசில் நிற்காது. வேன் ஹாரன் அலறியது. "சிரிங்க, சிரிங்க! மணி பத்தரை!"

அவர் உதட்டைக் கடித்து, மூச்சை இழுத்து, ஊதினார். குழாயடியிலிருந்து கீழ் ஸ்வரம் மெல்லியதாக வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரு கண்ணிமைப்பு நேரம் ஒட்டி நின்றன. மோட்டார் முனகியது. கேட் நகர்ந்தது!

"அடிச்சோம் மாப்ளே!" என்று மச்சான் குதித்து, சந்தோஷம் தாங்காமல் அதே ஸ்வரத்தை மறுபடி ஊதினார். மெக்கானிக்கும் தன்னை மறந்து கூட ஊதினார். ரிசீவர் இன்னும் வாட்ச்மேன் கையில். பெட்டிக்குச் சந்தோஷம் தெரியாது. திறந்தால் மூடு, மூடினால் திற என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த டி. பாதி வேன் வெளியே போயிருக்கையில் கேட் மூடத் தொடங்கியது.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

அவள் வண்டியை மிதித்தாள். பின்விளக்குக்கு ஒரு விரற்கடை தள்ளி கேட் மூடியது. இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். ஐந்தடுக்கும் நின்றன.

"வாட்ச்மேன், சின்னக் கதவு வழியா நீங்க வாங்க. கேக்கைப் பிடிச்சுக்கணும். அவங்க வேண்டாம்."

பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருக்கையில் வாட்ச்மேன் அறைப் போன் அடித்தது. மெக்கானிக் பாய்ந்து எடுத்தார்.

"வெச்சாச்சு. மேனேஜர் நாளைக்கும் கேட்டிருக்கார்," என்றாள் அவள். குரலில் சிரிப்பு இருந்தது. "இன்னும் அரை மணியில அங்க இருப்பேன். கேட் திறந்திருக்கணும்."

மெக்கானிக் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மச்சான் யாரும் சொல்லாமலே குழாயடியில் போய் நின்று, உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.