இலைக்கு அடியில் மழை

“விழச் சொல்லுங்க, விழறேன். மேலே போன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் கிடையாது.”

ஸ்பிரேயருக்குள் இருந்த மழைத்தண்ணீர் மூன்றாவது தடவையாக இதையே சொன்னது. என் வீட்டுக்காரர் பம்பை அடித்தார். தண்ணீர் நாசில் வாய்வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

“அப்போ மேகத்துக்கு எப்படிப் போனே?” என்றேன்.

“அது ஆவியா இருந்தப்போங்க. அந்த வயசு வேற.”

எங்கள் கத்திரிக்காட்டில் வெள்ளை ஈ வந்து ஒரு வாரம் ஆகிறது. இலைக்கு அடியில்தான் குடித்தனம். மருந்தையும் அடியிலிருந்து மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும். இன்றைக்கு அடிக்காவிட்டால் அரை ஏக்கரும் போச்சு. போர்த்தண்ணீர் ஒரே உப்பு. அதில் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்தால் கெட்ட பால் மாதிரித் திரிந்துவிடும். அதற்காகத்தான் மொட்டைமாடியிலிருந்து குழாய் போட்டு ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தோம். பிடிக்கும்போது அதன் கொள்கையை யார் விசாரித்தார்கள்?

“கொஞ்சம் பெரிய மனசு பண்ணு கண்ணு” என்று இவர் ஸ்பிரேயரைத் தட்டிக்கொடுத்தார். இந்த மனுஷருக்குக் கெஞ்சுவதும் கொஞ்சுவதும்தான் விவசாயம்.

“நகருங்க” என்றேன்.

வரப்பில் ஏறி நின்றேன். கான்வென்டில் பத்து வருஷம் எங்களை வெயிலில் டிரில் செய்யவைத்த ஸிஸ்டர் எமிலியானாவை நினைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

“கிளாஸ்! அபவுட் டர்ன்!”

கத்திரிச் செடிகள் இலைகளை மல்லாத்தின. அரை ஏக்கருக்கும் ஒரே சரசரப்பு. மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும் இடது பக்கம் திரும்பி, பக்கத்துச் செடியைப் பார்த்துவிட்டுச் சரிசெய்துகொண்டது. எந்த வகுப்பிலும் அப்படி ஒன்று இருக்கும்.

“இப்போ விழலாங்களா?” என்றது தண்ணீர்.

“விழுந்து தொலை.”

அது விழுந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வேப்பெண்ணெய் வாடையைக்கூடப் பொருட்படுத்தாமல் சிரித்துக்கொண்டே விழுந்தது. வெள்ளை ஈக்கள் குடை கொண்டுவராத கல்யாணக் கூட்டம் மாதிரி ஓடின. ஸ்பிரேயர் காலியானபோதெல்லாம், தொட்டியில் மிச்சமிருந்தது “அடுத்தது நாங்க!” என்று கத்தியது. கடைசி வரிசையில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார். நானும் இரண்டு அடி வைத்தேன். சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தோம். சூரியன் வேலியோரம் வந்து நின்று, மல்லாந்து கிடந்த இலைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தது.

“ஏனுங்கம்மா, இன்னைக்கு நான் எந்தப் பக்கம் காயறதுன்னு யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றது.

இவர் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.