ரம்பம் வாங்கிய சபை

அந்த ஆலயத்தில் திருவிருந்து அப்பத்தை ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். தச்சர் கையில் இருக்கும் சாதாரண ரம்பம்தான், ஆனால் மரத்தைத் தொட்டதில்லை. வழிபாடு முடிந்ததும் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, கிண்ணங்களோடு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். கைப்பிடியில் ஒரு சிலுவை செதுக்கலாமே என்று பேச்சு வந்தது. பிடிக்கும்போது உள்ளங்கையில் உறுத்தும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பம் சுடுகிறவள் அதே தெருவில் பேக்கரி வைத்திருப்பவள். ஞாயிறு விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்து, திருவிருந்துக்கு ஒரே ஒரு பெரிய ரொட்டியைச் சுட்டு எடுத்த பிறகுதான் கடைக்கு மற்றதைச் சுடுவாள். அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அவள் தங்கை மனநல மருத்துவமனையில் நெடுநாள் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது, சபையே பூங்கொத்தோடு வாசலுக்கு வந்து கண்ணீர் மல்க ஜெபித்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. ஜெபத்தின் நடுவே தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். போதகர் பிரசங்கத்தில் “நம்மிடம் அன்பு இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்த, யாரும் பதில் சொல்லக் கூடாத அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று “இல்லையே” என்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் அவள் உட்காரும் பெஞ்சு மெல்ல மெல்லக் காலியானது. பிறகு சபைச் செயலாளர், தொழிலில் பல் டாக்டர், பேக்கரிக்கு வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அவங்க மேல இருக்கற அன்புலதான் சொல்றோம். கூட்டம் அவங்களுக்கு ஒத்துக்கல. வெளிய சைக்கிள் ஷெட்ல நல்ல நாற்காலியா போட்டு, ஸ்பீக்கர் ஒண்ணு மாட்டிடறோம். ஒரு வார்த்தை விடாம கேக்கலாம்.” அக்கா சரி என்றாள். முறைத்துக்கொண்டால் அப்பம் சுடுவது வேறு கைக்குப் போய்விடும் என்று பயந்தாள். தங்கையைக் கைபிடித்து ஷெட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தவளும் அவள்தான்.

அன்றைக்கு அப்பத்தைப் பிட்க முடியவில்லை. போதகர் முகம் சிவக்க மல்லுக்கட்டினார், பாடகர் குழு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. மாவில் கோளாறு என்றார்கள். வேறு கடை ரொட்டியை வாங்கி வந்தார்கள். பஞ்சு மாதிரி இருந்த அதுவும் மேசையைத் தொட்டதும் கல்லானது. யாரும் கடித்துப் பார்க்க வேண்டாம் என்று செயலாளர் எச்சரித்தார். இப்படியே சில மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு ஆத்திரம் தாங்காமல் அக்கா அந்த ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தங்கை மடியில் போட்டாள். தங்கை அதைச் சட்டென்று இரண்டாகப் பிட்டாள். உள்ளிருந்து ஆவி பறந்தது. “சூடா இருக்குக்கா, தின்னு” என்று பாதியை நீட்டினாள், மீதியில் ஆலய வாசலில் இருந்த வாட்ச்மேனுக்கும் கொடுத்தாள்.

சபைக் குழு அவசரமாகக் கூடியது. அக்கா கதவோரம் நின்றாள். ‘அவளை உள்ளே கூப்பிடுவோம்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தானே சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்பத்தை ஷெட்டுக்கு அனுப்புவது, தங்கை பிட்டுக் கொடுப்பது, துண்டுகளைத் தட்டில் வைத்து மூடி உள்ளே கொண்டுவருவது என்று முடிவானது. அதை ஓர் ஊழியம் என்று போதகர் பாராட்டினார். நாலு வருடம் அப்படியே நடந்தது. மழைக்காலத்தில் ஷெட் ஒழுகியபோது சபை அவளுக்கு ஒரு குடை வாங்கித் தந்தது.

ஐந்தாவது மழைக்கு அவள் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள். அடக்க ஆராதனைக்கு எள் விழ இடமில்லாத கூட்டம். அவளைத் தூக்கி வந்து எல்லோருக்கும் முன்னால் கிடத்தினார்கள். அக்காவுக்கு அழுகையை விட அருவருப்புதான் அதிகம் வந்தது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத இடம், பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்த பிறகு கிடைத்திருக்கிறது. போதகர் அன்பைப் பற்றிப் பேசினார், பேச்சை எங்கேயும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பம் மறுபடி கல்லானது. அந்த வாரமே ரம்பம் வாங்கினார்கள்.

அக்கா இன்றும் அப்பம் சுட்டுத் தருகிறாள். தந்துவிட்டு உள்ளே போகாமல் ஷெட்டில் தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். ரொட்டி அவள் கையிலும் சுலபமாகப் பிட்டுக்கொள்கிறது. வாட்ச்மேனுக்கும், மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்கும் கொடுக்கிறாள். விஷயம் தெரிந்து செயலாளர் வந்தார். “எங்களுக்கும் நீங்களே பிட்டுக் கொடுத்துடுங்களேன்மா.”

“இங்க வந்து உக்காருங்க, தரேன்.”

அவர் மழையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் ரம்பச் சத்தம் கேட்டது.

இப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறுத்து விழும் தூளைப் பெருக்க முறை வைத்திருக்கிறார்கள். சபையில் வளரும் பிள்ளைகள் ரம்பச் சத்தம் எழுந்ததும் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அப்பம் பிட்கும் சத்தம் அதுதான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.