வில்லையை மூடிய கை

மேலைக்கடலில் பிறந்த மூடுபனி குன்றுகளின் மடியில் படுத்துறங்கி, தைலமரங்களின் நீண்ட இலைகளை நனைத்து, ஆரஞ்சுத் தோப்புகளின் மணத்தைச் சுமந்து, கதிரவன் கீழ்த்திசை முகட்டில் தலைநீட்டியதும் போக மனமின்றி மெல்ல மெல்ல விலகும் அவ்வேளையில், ஹாலிவுட்டின் படமனை வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். முடிசூடிய மன்னர் தாளில் சுற்றிய ரொட்டியைக் கடித்தவாறு உட்செல்வார். அன்று மாலைக்குள் அவரைக் கொல்லவேண்டிய பகைவன் அவருக்குத் தீக்குச்சி உரசிக் கொடுப்பான். துறவுடை பூண்ட கன்னியர் மூவர், கடிக்கும் செருப்பைக் கழற்றிக் கையிலேந்தி, அதைத் தைத்தவனை வாயார வைதுகொண்டே போவர். கற்றறிந்த பெரியீர்! அவ்வாயிலினுள் முப்பத்தோராண்டு நாள்தோறும் நுழைந்தவள் நான். மன்னரையும் துறவியரையும் ஏறிட்டும் பாராமல், படச்சுருள் வெட்டி ஒட்டும் என் சிற்றறைக்கு நேரே போய்விடுவேன். மின்னா ஹால்வர்சன் என்பது என் பெயர். வாய் சற்று நீளம் என்பார்கள், இருக்கட்டும்.

நான் சொல்லப்போவது இயக்குநர் ஆர்வில் கிராண்டலின் கதை. நெப்ராஸ்காவின் கோதுமைச் சமவெளியில், காற்றாலை பழுதுபார்ப்பவர் ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்து, பத்தொன்பதாம் வயதில் தச்சுப்பெட்டியொன்றே துணையாக இந்நகர் வந்து, திங்களன்று கட்டிச் சனியன்று இடிக்கும் அட்டை அரண்மனைகளுக்கு ஆணியடித்து, உளி பிடித்த கையாலேயே காட்சிகளைச் செதுக்கவும் கற்று, இருபத்தெட்டாம் வயதில் தம் முதற்படத்தை இயக்கினார் அவர். பேசாப்படக் காலம் அது. கடலோடிக்காகக் காத்திருக்கும் சலவைக்காரியின் கதை. அவன் வரவில்லை, அவள் காத்திருப்பை விடவுமில்லை என்பதே முடிவு. எங்களூரில் ஒரு வழக்கம் உண்டு. படம் வெளிவருமுன், முன்னறிவிப்பின்றி ஏதேனும் ஓர் அரங்கில் அதை ஓட்டி, பார்த்தவர் கையில் அட்டையும் எழுதுகோலும் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். அன்றைய அட்டைகளில் பாதி, ‘அந்தப் பெண்ணுக்குத் திருமணம் செய்துவையுங்கள்’ என்றன. படமனைத் தலைவர் ட்ராஸ்க் அவ்வாறே கட்டளையிட்டார். அவள் கனவு காண்பதாக எடுத்து மிஞ்சிப்போன திருமணத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, கனவை நனவாக்கிக் கடைசியில் ஒட்டினார்கள். ஒட்டினார்கள் என்று பிறர்மேல் போடுவானேன்? கத்தரி என் கையில்தான் இருந்தது.

ஓராண்டுக்காலம் ஆர்வில் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் என் அறை வாயிலில் வந்து நின்றார்.

“நீ ஒட்டுனது நல்லாத்தான் இருந்துச்சு. எங்க ஒட்டுனேன்னு எனக்கே தெரியல. இனிமே என் படமெல்லாம் உங்கிட்டதான் வரும். ஆனா ஒண்ணு, வெட்டுறதுக்கு ஒரு துண்டு மிச்சம் வராது. பாத்துக்க.”

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அதுதான். அன்றுமுதல் அவர் தமக்கு வேண்டிய அளவினும் ஒரு நொடிகூட மிகுதியாகப் படம் எடுத்ததில்லை. காட்சி தாம் எண்ணிய இடத்தை அடைந்ததும், “கட்!” என்று கூவிக்கொண்டே பாய்ந்துசென்று, படப்பெட்டியின் கண்ணாகிய வில்லையைத் தம் அகன்ற உள்ளங்கையால் பொத்திவிடுவார். பின்பு யார் வந்து எப்படி வெட்டினாலும் அவர் நினைத்த வரிசையன்றி வேறு வரிசையில் அத்துண்டுகள் சேரமாட்டா. ட்ராஸ்க் பல்லைக் கடித்தார், படங்களோ ஓடின. இருபத்தைந்து ஆண்டில் இருபத்தாறு படங்கள். சிக்கனமானவர், தெளிவானவர், யாருக்கும் வளையாதவர் என்று நாளிதழ்கள் எழுதின.

ஆனால் பெரியீர், வில்லையைப் பொத்திப் பழகிய கை வில்லையோடு நிற்குமா? விருந்துக்குப் போனால், கடைசியில் பரிமாறும் இனிப்பான பழக்களி வட்டிலுக்கு வருமுன் எழுந்துவிடுவார். எதிரிலிருப்பவர் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே, “புரிஞ்சுது, புரிஞ்சுது” என்று கையை நீட்டி மறித்துவிட்டு நடப்பார். மனைவியர் இருவரும் அடுத்தடுத்துப் பிரிந்து சென்றது இதனாலேயே என்று நான் நினைக்கிறேன். சொல்லவந்ததை முழுதும் சொல்ல அவ்வீட்டில் எவருக்கும் வாய்த்ததில்லை. தந்தையை அடக்கம் செய்ய நெப்ராஸ்கா போனவர், அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவர் நெடுகிலும் தம் படங்களுக்கு ஒளிப்பதிவாளராக வைத்திருந்தவர் ஒட்டோ வாலிக் என்னும் குள்ளமான மனிதர். அவர் அனுப்பும் சுருள்களில் விந்தை ஒன்றை முதல் மாதத்திலேயே கண்டேன். காட்சி முடியும், கை வந்து மூடும், இருளும், ஆனால் சுருள் முடியாது. கை விலகும், அதன்பின் பத்து நொடி, பதினைந்து நொடி, நடிப்பை இறக்கிவைத்துவிட்ட நடிகர்கள், தாம் பதிவாவதை அறியாமல், கழுத்தைத் தேய்த்துக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் வெறுமனே நிற்பார்கள்.

“என்ன ஒட்டோ, அவரு கட்டுன்னு கத்துறது உங்களுக்குக் கேக்கலையா?” என்றேன்.

“அவரு கத்துறது நடிக்கிறவங்களுக்கும்மா. என் கைக்குக் காது கெடையாது. நடிச்சு முடிச்சப்புறம்தான் மூஞ்சியே நல்லாருக்கு. அத எப்படி விடுறது? தூக்கிப் போட்றாத, எங்கயாச்சும் வை. அவருகிட்ட மட்டும் மூச்சு விடாத, ரெண்டு பேரையும் வாசலோட அனுப்பிருவாரு.”

ஆர்விலுக்குக் காட்டும் சுருளில் கை தோன்றும் இடத்தோடு நறுக்கிவிட்டு, எஞ்சிய வால்துண்டுகளை ஒரு தகரப்பெட்டியில் இட்டுவந்தேன். பெட்டி நாளடைவில் ஆறாயிற்று. அவற்றால் யாருக்கு என்ன பயன் என்று நானும் கேட்கவில்லை, ஒட்டோவும் சொல்லவில்லை.

இனி ரூபன் டேலைப் பற்றிச் சொல்லவேண்டும். முகமெல்லாம் சுருக்கமும் சுருக்கமெல்லாம் சிரிப்புமாக இருந்த அந்நடிகர், ஆர்விலின் படங்களில் பதினொன்றில் நடித்தவர். ஆர்விலை ‘டா’ போட்டு அழைக்கத் துணிந்தவர் இந்நகரில் அவர் ஒருவரே.

“டேய் ஆர்வில், ரெண்டு வார்த்த பேச வந்தா உடனே கைய நீட்டுற. எம் மூஞ்சி என்ன கதவாடா, சாத்துறதுக்கு?”

“சாத்தலேன்னா ஈ உள்ள போயிரும்டா கெழவா. போய் நில்லு, வெளிச்சம் போகுது.”

இப்படியே இருபதாண்டு அவர்கள் நட்பு ஓடியது.

அடுத்தடுத்து மூன்று படங்கள் விழுந்தபின், கடைசி வாய்ப்பென்று சொல்லியே ட்ராஸ்க் இருபத்தேழாவது படத்தைக் கொடுத்தார். அதில் ரூபன், சிற்றூர்ப் புகைவண்டி நிலையத்தில் வாயில் காக்கும் முதியவர்; தம் ஒரே மகளைத் தொலைவிடத்துக்கு வழியனுப்புகிறார். வண்டி போனபின் வாயிலருகே தனியே நிற்கிறார். அந்நிற்கும் முகத்தோடு படம் முடியவேண்டும். சொல் ஏதுமில்லை, கண்ணீரில்லை, ஒரு முகம் மட்டுமே. அதைக் கடைசி நாளில்தான் எடுப்பேன் என்று ஆர்வில் பிடிவாதமாக வைத்திருந்தார். அந்நாளுக்கு இருநாள் முன்பு, காலையுணவுக்கு அமர்ந்த ரூபன், காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, அப்படியே சாய்ந்து இறந்துபோனார். ஈராண்டாகவே நெஞ்சு நலிந்திருந்ததாம். மருத்துவர் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ட்ராஸ்க் அழைத்தார்.

“எனக்கும் வருத்தம்தான் ஆர்வில். ஆனா படம் நிக்குதே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவக் கொண்டாங்க. இல்லேன்னா ரூபன் மாதிரி ஒருத்தன முதுகு காட்டி நிக்க வைக்கிறோம், பொண்ணு வண்டியிலேருந்து குதிச்சு ஓடிவந்து கட்டிப்புடிச்சுக்குது. வேற இயக்குநர் எடுப்பாரு.”

“ரூபனோட கடைசிப் படம் அது. அவனுக்குப் பதிலா எவனோ ஒருத்தன் முதுகா?”

“அப்ப மிச்சத் துண்டு ஏதாச்சும் குடுங்க, அத வச்சு முடிக்கலாம். இருக்கா? அந்தப் பழக்கமேதான் உங்களுக்குக் கெடையாதே!”

எந்தக் கேட்டினின்று தப்பவென்று அந்தக் கையை ஆயுதமாக்கினாரோ, அந்தக் கேடே அக்கையின் வழியாகத் திரும்பி வந்து நின்றது. வியாழன் முற்பகலில் ஆர்வில் என் அறைக்கு வந்தார். ஐம்பத்துமூன்று வயதினர் அன்று எழுபது வயதினர்போல் தெரிந்தார். ஒட்டோவும் அங்கிருந்தார்.

“ஏம்மா மின்னா... அவன் மூஞ்சி ஒரு பத்து நொடி... எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குமா?”

ஒட்டோ என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! ஆறு தகரப்பெட்டிகளையும் இழுத்து அவர் காலடியில் வைத்தேன்.

“இருபத்தஞ்சு வருசமா உங்க பேச்ச நாங்க கேக்கல. திட்டுறதுன்னா, பாத்துட்டுத் திட்டுங்க.”

முதலில் அவருக்கு விளங்கவில்லை; விளங்கியதும் முகம் கன்றிச் சிவந்தது.

“என் முதுகுக்குப் பின்னாடியா இதெல்லாம் பண்ணீங்க?”

எனக்கும் வந்ததே சினம்! “ஆமா, உங்க முதுகுக்குப் பின்னாடிதான். நீங்கதான் ஒருநாளும் திரும்பியே பாக்கலையே!”

அவர் வெளியேறிவிடுவார் என்றே நினைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலால் மிதித்து ஓட்டும் சிறு பார்வைப்பொறியில் அவ்வாண்டுச் சுருள்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் முதலில் வந்தது அவர் கையே. உள்ளங்கை, இருள், பிறகு ஒரு முகம். மீண்டும் உள்ளங்கை, இருள், வேறொரு முகம். நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ, நிலைய வாயிலில் எடுத்த துண்டு வந்தது. ரூபன் இறப்பதற்கு எட்டு நாள் முன்பு எடுத்தது.

கை விலகியது. பழைய மேலங்கியோடு ரூபன் வாயிற்கம்பியைப் பிடித்து நின்றார். வில்லைக்கு அருகே நிற்கும் ஆர்விலை நோக்கி, வலக்கையைப் பாதி உயர்த்தி, எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆர்விலின் அகன்ற முதுகு குறுக்கே புகுந்து, கடந்து, போய்விட்டது. ரூபன் வாயை மூடிக்கொண்டார். உயர்த்திய கையைத் தாழ்த்தினார். போகிறவரைப் பார்த்தபடியே நின்றார். அப்பார்வையில் சினமில்லை, குறையில்லை. பிள்ளையை முதல்நாள் பள்ளியில் விட்டுவிட்டு வாயிலில் நிற்பவரின் பார்வை அது. பதினொரு நொடி நீடித்தது.

பொறியை நிறுத்தினேன். ஆர்வில் நாற்காலியை ஒட்டோ பக்கம் திருப்பினார்.

“என்ன சொல்ல வந்தான்?”

“தெரியல” என்றார் ஒட்டோ.

“அன்னைக்கு எனக்கு என்ன அவ்ளோ அவசரம்?”

“வெளிச்சம் போயிரும்னு சொன்னீங்க.”

“போச்சா?”

“இல்ல. அதுக்கப்புறமும் ஒரு மணிநேரம் இருந்துச்சு.”

அப்பொழுதுதான் அவர் அழுதார். இரு மனைவியர் பிரிந்தபோதும், தந்தையைப் புதைத்தபோதும் அழாத அம்மனிதர், எங்கள் இருவர் முன்னிலையில் வாய்விட்டு அழுதார். எனக்கும் தாளவில்லை; அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருபத்தைந்து ஆண்டில் ஒருமுறைகூட என்னிடம் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

“வெட்டு, மின்னா. எம் முதுக மட்டும் வெட்டிரு. அவன் பாக்குறது அப்படியே இருக்கட்டும்.”

வெட்டினேன். வண்டி போகும் காட்சிக்குப் பின் அப்பதினொரு நொடியை ஒட்டினேன். வெள்ளியன்று பார்த்த ட்ராஸ்க், “இத எப்ப எடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். மறுவாரம் பக்கத்து ஊரான கிளெண்டேலில் அரங்கொன்றில் வழக்கம்போல் முன்னறிவிப்பின்றி ஓட்டினார்கள்; விளக்கெரிந்த பின்னும் சிலர் எழவில்லை. அட்டைகள் வந்தன. படம் நன்று, நடுவில் சற்று நீளம், அந்தப் பெண்ணின் தொப்பியை எங்கே வாங்கினார்கள்? இவற்றினிடையே, சாய்ந்த சிறு கையெழுத்தில் ஓர் அட்டை: ‘முடிவில் அந்தப் பெரியவர் யாரைப் பார்க்கிறார்? வண்டியைப் பார்ப்பதுபோல் தெரியவில்லையே.’ ஆர்வில் அதை ஒருமுறை படித்து, மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின் இரு படங்கள் எடுத்தார். அவற்றில் கை வில்லைக்குப் போகவில்லை. ‘கட்’ என்றபின் நடிகர் அருகே போய் நின்று, “வேற ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்பார், கிழவருக்குப் புத்தி தளர்ந்துவிட்டதென்று இளையோர் சிரித்தார்கள். அப்படங்கள் நீளமாய் இருந்தன, ஓடவுமில்லை. ஐந்தாண்டு கழித்து அவர் இறந்தபோது, அவருடைய மேலங்கியை என்னிடம் சேர்ப்பித்தார்கள். பையில் அந்த அட்டை இருந்தது. கேள்விக்குக் கீழே, அவர் கையால், ஒரே ஒரு சொல்: ‘என்னை.’

இருபத்தொன்பது படங்களின் புகழையும் பழியையும் ஊர் பேசிக்கொள்ளட்டும். பெரியீர், நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. உங்களை நோக்கி ஒருவர் கையைப் பாதி உயர்த்தி வாயெடுத்தால், வெளிச்சம் போய்விடும் என்று ஓடாதீர்கள். வெளிச்சம் இன்னும் ஒரு மணிநேரம் இருக்கும். ஒருவேளை, அவர் இருக்கமாட்டார்.