அரவேணுவில் விட்ட சொட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் யூசுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க உட்கார்ந்தான். ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டரும் கம்பளியும் விற்கிறவனுக்குக் கண் மருத்துவம் என்ன தெரியும்? ஆனாலும் மனைவியின் கண் மருத்துவப் பட்டத் தேர்வு நெருங்க நெருங்க, வாயில் நுழையாத பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது அவன் வேலையாகிவிட்டது. டாக்டர் சுரையா ஒருமுறை அந்தத் தேர்வில் தோற்றவள். இந்த முறையும் போனால் குன்னூரில் பெரிய டாக்டர் ஞானசேகரனின் கண் மருத்துவமனையில் உதவி டாக்டராகவே காலம் தள்ள வேண்டியதுதான்.

"தூரப்பார்வைக்காரங்க போடற ப்ளஸ் கண்ணாடி. வெளியிலிருந்து பாத்தா அவங்க கண்ணு பெருசாத் தெரியுமா, சிறுசாத் தெரியுமா?"

"பெருசா. பூதக்கண்ணாடி மாதிரிதானே அது."

"நெசத்துல அந்தக் கண்ணு?"

"நெசத்துல சின்னதுங்க. முன்பக்கம் ஆழமிருக்காது. கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வடியற மூலை குறுகிக் கிடக்கும்."

"அப்படிப்பட்டவங்களுக்கு எந்தச் சொட்டு விடறதுக்கு முந்தி யோசிக்கணும்?"

சுரையா சட்டென்று எழுந்து நின்றாள். காலையில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் நடந்த இலவசக் கண் முகாமில் தன் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தெரிந்த கண்கள். புஷ்பவல்லி. தேயிலை பறிக்கிறவள். "சர்ச்சுக்கு மேல இருக்கற லைன்லதானுங்க நம்ம ஊடு" என்று சிரித்தபடியே அண்ணாந்து சொட்டை வாங்கிக்கொண்டவள்.

கண்ணின் பாப்பாவை விரிக்கிற சொட்டு. அதை விடுவதற்கு முன் பக்கவாட்டில் டார்ச் அடித்து, கண்ணின் முன்பக்கம் ஆழமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரிசை வாசல் வரை நின்றதால் சுரையா பார்க்கவில்லை.

"என்னாச்சு? தெரியலையா?" என்றான் யூசுப்.

"தெரியுங்க. காலைல தப்புப் பண்ணிட்டேன்."

சொட்டு விட்டவுடனே ஆபத்து வருவது குறைவு. விரிந்த பாப்பா மெல்லச் சுருங்கி வரும்போது, பாதியில் நின்று வடிகாலை அடைத்துவிடும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு செத்துப்போகும். அந்த நேரம் இதுதான்.

முகாமில் புஷ்பவல்லி கொடுத்த நம்பருக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை. யாரும் எடுக்கவில்லை.

யூசுப் ஒன்றும் கேட்காமல் சரக்கு ஏற்றுகிற மாருதி வேனின் சாவியை எடுத்தான். மெடிக்கல் ஷாப்பில் அழுத்தம் குறைக்கும் மாத்திரையும் சொட்டும் வாங்கிக்கொண்டு கோத்தகிரி ரோட்டில் ஏறினார்கள். வழியெல்லாம் பனி இறங்கியிருந்தது. ஹெட்லைட் போட்டும் முன்னால் போகிற பஸ்ஸின் பின்புறம் மட்டுமே தெரிந்தது. அதை முந்த முடியவில்லை.

"ஒண்ணும் ஆயிருக்காது. எத்தனையோ பேருக்கு விடறீங்கல்ல" என்றான் யூசுப்.

அவள் மனதில் தேர்வு, டாக்டர் வேலை, ஊரார் பேச்சு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அந்தப் பெரிய கண்கள் வந்து நின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

சர்ச்சுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நின்றவர் புஷ்பவல்லியின் கணவர் குப்புசாமி. காலையில் பார்த்த டாக்டர் வீடு தேடி வந்ததில் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"ஏனுங்க டாக்டர்? உள்ள வாங்க. அவளுக்குப் பித்தமுங்க. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. தலை வெடிக்குதுன்னு படுத்திருக்கறா. போன் சார்ஜ் இல்லாமக் கெடக்குது."

சுரையா நேரே உள்ளே போனாள். புஷ்பவல்லி தலையில் துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"புஷ்பவல்லி, இந்த பல்பைப் பாருங்க. எப்படித் தெரியுது?"

"வலது கண்ணுல ஒரே பொகையாட்டம் இருக்குதுங்க. பல்பச் சுத்தி வானவில்லாட்டம் வளையம்."

வலது கண் செக்கச்செவேலென்று இருந்தது. இமைமேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள் சுரையா. இடது கண் அமுங்கியது. வலது கண் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக நின்றது. இனி யோசிக்க ஒன்றுமில்லை. சொட்டை விட்டாள். மாத்திரை கொடுத்தாள். அது வாந்தியில் போனது. மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை தங்கியது.

புஷ்பவல்லியையும் குப்புசாமியையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியதும் ஞானசேகரனுக்குப் போன் செய்தாள்.

"சார், டார்ச் அடிச்சுப் பாக்காமச் சொட்டு விட்டுட்டேன். கண்ணு கல்லா இருக்குது சார்."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது.

"கூட்டிட்டு வாம்மா. ஆஸ்பத்திரியத் தொறந்து வெக்கறேன். திட்டறதெல்லாம் அப்பறம்."

அன்று சாயங்காலம் முழுக்கக் குன்னூர் ஆஸ்பத்திரியில் புஷ்பவல்லிக்கு டிரிப் ஏறியது. சுரையா கட்டிலை விட்டு நகரவில்லை. அழுத்தம் இறங்கினாற்போல் இருக்கும். அடுத்துப் பார்த்தால் அப்படியே நிற்கும். ஒருவழியாகப் புஷ்பவல்லி, "தலவலி கொறஞ்சிருக்குதுங்க" என்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மறுநாள் ஞானசேகரன் லேசரால் கருவிழித் திரையில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அடைபட்ட தண்ணீருக்கு வேறு வழி ஏற்படுத்தினார். இடது கண்ணுக்கும் அதையே செய்தார்.

லேசர் முடிந்து வராந்தாவில் நின்றபோது குப்புசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் வராமப் போயிருந்தா..."

அந்த நன்றியை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடலாம். சுரையா கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான் விட்ட சொட்டுனாலதான் வந்துச்சுங்க. பாத்துட்டு விட்டிருக்கணும். பாக்கல."

குப்புசாமி ஒரு எட்டு முன்னால் வந்தார். அடித்துவிடுவாரோ என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அங்க வந்தவங்கள்ல இன்னும் யாருக்கெல்லாம் ஊத்துனீங்க?"

மற்றவர்களையும் அவள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கவில்லை. அப்போதே யூசுப்போடு அரவேணுவுக்குத் திரும்பிப் போனாள். முகாமுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக் கதவையும் தட்டினாள். ஒவ்வொருவர் கண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

புஷ்பவல்லிக்கு வலது கண்ணில் ஓரத்தில் கொஞ்சம் மங்கல் நின்றுவிட்டது. மற்றபடி பார்வை பிழைத்தது. தோட்டத்துக்கும் போக ஆரம்பித்தாள். ஆனால் குப்புசாமி அவளை அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி அழைத்து வரவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறார் என்று கேள்வி. சுரையாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் அவள் தேர்வில் தேறினாள். யூசுப் கடைத்தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தான். வந்தவர்களெல்லாம் வாழ்த்திவிட்டுப் போன பிறகு, அவள் தனியாக உட்கார்ந்து, புஷ்பவல்லியின் மங்கிப்போன கண்ணை நினைத்து அழுதாள்.