ஆடும் புரதம்

அக்காவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆய்வகத்து மேசைமேல் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை அடிக்கடி திறந்து, தலையை உள்ளே விட்டு, மாத்திரைபோல அழுத்திய புரத வில்லையைத் தொட்டுத் திருகாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அப்படி அளந்ததில்தான் அந்த வரைபடம் கிடைத்தது: வில்லையைக் கடந்து வந்த, டெராஹெர்ட்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத கதிரில் ஊசி ஊசியாகப் பள்ளங்கள். புரதம் அதிர்வதை நேரில் பிடித்துவிட்டேன் என்று பேராசிரியரிடம் மார்தட்டியும் விட்டாள். மாலையில் அவர் பார்க்க வருகிறார். அவள் சொன்னது தேறாவிட்டால் நாளை இந்த அளக்கும் கருவி வேறு குழுவுக்குப் போய்விடும், வருடக்கணக்கான உழைப்பு அம்போ.

அந்தக் கதிரை உண்டாக்கும் லேசரைக் கவனிக்கும் தம்பிக்கு என்னவோ உறுத்தியது. வில்லையே வைக்காமல் வெறும் பெட்டியை அளந்தான். அங்கேயும் அதே ஊசிகள்!

"அக்கா, கோவப்படாத. இது புரதம் இல்ல, காத்துல இருக்கற ஈரம். நீ அடிக்கடி தலைய உள்ள நுழைச்சு விட்ட மூச்சு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?" என்றபடி அவள் திரையைப் பார்த்தாள். ஊரைக் கூட்டிச் சொன்னது தன் மூச்சைப் பற்றியா!

"பெட்டிய மூடு. உலர்ந்த நைட்ரஜன விடு. இனி நான் தொட்டா கைய உடை."

ஈரம் வெளியேற வெளியேற ஊசிகள் மங்கி மறைந்தன. புரதம் மட்டும் உள்ள வில்லைக்கு, சாதுவான ஒரு வளைகோடுதான் மிஞ்சியது. அதே புரதத்தோடு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்ட இன்னொரு வில்லையும் பெட்டிக்குள் சுழல்தட்டில் இருந்தது; பெட்டியைத் திறக்காமலே அதைக் கதிருக்கு நேராகச் சுழற்றினான் தம்பி. கோடு கொஞ்சம் நகர்ந்தது. பழைய வில்லைக்கு மாற்றினான், திரும்பி வந்தது. மறுபடி மாற்றினான், மறுபடி நகர்ந்தது.

அடேயப்பா! அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. நொடிக்கு லட்சம் கோடி முறை அந்தப் புரதம் முழு உடம்போடு ஆடிக்கொண்டே இருக்கிறது. இத்துனூண்டு சர்க்கரை வந்து கையைப் பிடித்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. அவள் கண் கலங்கியது, மறைக்கவும் தோன்றவில்லை.

பேராசிரியர் வந்ததும் வராததுமாய், "எங்கம்மா அந்த ஊசியெல்லாம்?" என்றார்.

"அது பொய் சார். என் மூச்சு. நான்தான் அவசரப்பட்டு உளறிட்டேன். நெஜம் இதுதான்."

அவர் முகம் கறுத்தது. தம்பி வில்லையை மாற்றினான். கோடு நகர்ந்தது.

"இன்னொரு தடவ போடுப்பா," என்றார். பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த வேறு குழுவுக்குப் போன் போட்டார்.

"மன்னிச்சிருங்க, நாளைக்குக் கருவி கெடைக்காது. இங்க ஒண்ணு ஆடறதப் பாத்துட்டிருக்கோம்."